தலைப்பில் காணாமல் போகும் ஆள்

"தனியாகச் சென்ற மாணவிக்கு நள்ளிரவில் நேர்ந்த கொடுமை." இப்படி ஒரு தலைப்பைப் படிக்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். இதில் மாணவி இருக்கிறாள். நள்ளிரவு இருக்கிறது. அவள் தனியாகப் போனதும் இருக்கிறது. கொடுமையைச் செய்தவன் மட்டும் இல்லை. மழை பெய்து மரம் விழுந்ததுபோல அது தானாக நேர்ந்துவிட்டது.

இலக்கணச் சமாசாரம்தானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க உளவியலாளர் நான்சி ஹென்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்துப் பார்த்தது. பெண்கள் மீதான வன்முறைச் செய்திகளைச் செய்வினையிலும் செயப்பாட்டுவினையிலும் எழுதி வாசிக்கக் கொடுத்தார்கள். செயப்பாட்டுவினையில் வாசித்தபோது, குற்றவாளியின் பொறுப்பையும் பெண்ணுக்கு ஏற்பட்ட பாதிப்பையும் ஆண்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஒரு வினைச்சொல்லின் வடிவம் மாறியதும் நம்முடைய நியாய உணர்வும் சேர்ந்து நகர்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

செய்தி எப்படி எழுதப்படுகிறது என்பது ஒருபுறம். எந்தச் சம்பவம் செய்தியாகிறது என்பது இன்னும் பெரிய விஷயம். எது சட்டென்று நினைவுக்கு வருகிறதோ, அதுவே அடிக்கடி நடக்கிறது என்று மனித மனம் கணக்குப் போடுகிறது. ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1973இல் இதை விளக்கினார்கள். பாலியல் வன்கொடுமை என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? இருட்டு, ஆள் நடமாட்டமில்லாத இடம், முன்பின் தெரியாத ஒருவன். நாளிதழ்களின் முதல் பக்கமும் தொலைக்காட்சி விவாதங்களும் நமக்குத் திரும்பத் திரும்பக் காட்டியது அதைத்தான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2022இல் இந்தியாவில் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 31,516. அவற்றில் நூற்றுக்கு 95க்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், வேலை கொடுத்தவர். பெண்ணை இரவில் வெளியே அனுப்பாமல் பூட்டி வைக்கும் பெற்றோர், வீட்டுக்குள் உரிமையோடு வந்து போகும் ஆள்மீது சந்தேகப்படுவதே இல்லை. குழந்தை வாய் திறந்து சொன்னாலும், "மாமாவா? இருக்கவே இருக்காது" என்கிறார்கள். அவர்கள் மனதில் பதிந்துள்ள குற்றவாளியின் முகம் மாமாவின் முகத்தோடு ஒத்துப்போவதில்லை.

"ஏன் கத்தவில்லை? ஏன் எதிர்த்துப் போராடவில்லை?" இந்தக் கேள்விகளும் மனதில் பதிந்த அதே படத்திலிருந்துதான் பிறக்கின்றன. ஸ்டாக்ஹோம் நகரில், வன்கொடுமைக்கு ஆளானோருக்கான அவசரச் சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர், தாக்கப்பட்ட நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவுக்கு உடல் உறைந்துபோனதாகத் தெரிவித்தார்கள். அது சம்மதமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. தப்பிக்க வழியில்லாத உச்சகட்டப் பயத்தில், நம் விருப்பத்தைக் கேட்காமலே உடல் செயலற்றுப் போகிறது. விலங்குகளிடமும் இந்த எதிர்வினை உண்டு. "உடலில் காயம் ஏதும் இல்லை" என்று செய்தியில் ஒரு வரி சேர்க்கும் நிருபர் இதை அறிந்திருக்க வேண்டும்.

இத்தகைய தவறான நம்பிக்கைகளைச் செய்தி வெறுமனே பிரதிபலிக்கவில்லை, உண்டாக்கவும் செய்கிறது. கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் மீது 2003இல் எழுந்த பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டு பற்றி அமெரிக்காவில் வந்த 156 செய்திக் கட்டுரைகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். 65 கட்டுரைகளில், பெண் பொய் சொல்கிறாள் என்பது போன்ற தவறான பொதுக் கருத்துகளில் ஒன்றாவது இருந்தது. அப்படிப்பட்ட கட்டுரையைப் படிக்க வைத்தபோது, பிரையன்ட் குற்றமற்றவர் என்று நம்பும் போக்கு வாசகர்களிடம் கூடியது. (வழக்கு 2004இல் கைவிடப்பட்டது.)

ஊடகம் நல்லதும் செய்திருக்கிறது. 2012இல் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளான சம்பவம் இடைவிடாமல் செய்தியில் இருந்ததால்தான், சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழுவின் அறிக்கை ஒரே மாதத்தில் வந்தது, குற்றவியல் சட்டமும் திருத்தப்பட்டது. நாட்டில் 2012இல் 24,923ஆக இருந்த பாலியல் வல்லுறவு வழக்குகள் 2013இல் 33,707 ஆயின. பேசத் துணிந்தவர்கள் பெருகினார்கள் என்பதே இந்த உயர்வுக்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தத் துணிச்சலை உடைக்க ஒரு பெயர் வெளியே வந்தால் போதும். 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் அரசாணையிலேயே இடம்பெற்றது; அதற்காக அவருக்கு ரூ.25 லட்சம் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 72ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறை உண்டு. கைப்பேசியில் வந்ததைப் பிறருக்குத் தள்ளிவிடுபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தற்கொலைச் செய்திகளின் அடியில் 104 என்ற உதவி எண்ணை அச்சிடும் நல்ல வழக்கம் தமிழ் நாளிதழ்களில் வந்துவிட்டது. வன்கொடுமைச் செய்திகளின் அடியிலும் பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களை ஆசிரியர்கள் தவறாமல் வெளியிட வேண்டும்.