வெந்நீர் உடைத்த பிளாஸ்டிக்

நியூயார்க் டாக்ஸி என்றதும் நினைவுக்கு வரும் நீளமான மஞ்சள் காரும், ஹாலிவுட் படங்களில் சைரன் அலறத் திருடனைத் துரத்தும் போலீஸ் காரும் பெரும்பாலும் ஒரே வண்டிதான்: ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. 2011 செப்டம்பரில் கனடாவின் செயின்ட் தாமஸ் தொழிற்சாலையில் இதன் கடைசிக் கார் தயாரானது. இதன் 4.6 லிட்டர் வி8 இன்ஜின், எவ்வளவு ஓட்டினாலும் தளராது என்று டாக்ஸிக்காரர்களிடம் பெயர் வாங்கியது. அப்படிப்பட்ட இன்ஜினுக்கு 1996-இல் ஒரு பலவீனம் வந்து சேர்ந்தது. இன்ஜினின் மேல் உட்கார்ந்திருக்கும் இன்டேக் மேனிஃபோல்டு அந்த ஆண்டு முதல் பிளாஸ்டிக்காக வந்தது. சில ஆண்டுகளில் அதன் முன்பக்கத்தில் விரிசல் விழ ஆரம்பித்தது.

மேனிஃபோல்டு செய்வது எளிய வேலை. வடிகட்டி வழியே வரும் காற்றைப் பிரித்து எட்டு சிலிண்டருக்கும் சமமாகக் கொண்டுபோக வேண்டும். நகரும் பாகம் எதுவும் இல்லை. முன்பெல்லாம் இதை வார்ப்பிரும்பிலும் அலுமினியத்திலும் செய்தார்கள். பிளாஸ்டிக்குக்கு மாறியதை வெறும் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. எடை பாதியளவு குறைகிறது. உட்சுவர் வழவழப்பாக இருப்பதால் காற்று தடையின்றி ஓடுகிறது. எல்லாவற்றையும்விட, அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் பல நூறில் ஒரு பங்குகூட இந்தப் பிளாஸ்டிக் கடத்தாது. இன்ஜின் சூடு உள்ளே போகும் காற்றைத் தொடுவது குறைகிறது. காற்று 10 டிகிரி குளிர்ந்திருந்தால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். சிலிண்டருக்கு அந்த அளவு ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்கும். இன்று நம் ஊரில் ஓடும் கார்கள் பலவற்றிலும் பிளாஸ்டிக் மேனிஃபோல்டுதான் இருக்கிறது. ஒழுங்காகவே உழைக்கிறது.

பிறகு இந்த வி8-இல் மட்டும் என்ன கோளாறு? காற்றுக்காகச் செய்த உறுப்பில் வெந்நீரையும் ஓடவிட்டார்கள். வி வடிவ இன்ஜினில் இடமும் வலமும் இரண்டு சிலிண்டர் ஹெட்கள் இருக்கும். இரண்டிலிருந்தும் வரும் சூடான கூலன்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்க்கலவையை, ஒன்றுசேர்த்து, தெர்மோஸ்டாட் வழியாக ரேடியேட்டருக்கு அனுப்ப ஒரு குறுக்குப் பாதை தேவை. அந்தப் பாதையை மேனிஃபோல்டின் முன்பகுதியிலேயே பிளாஸ்டிக்கில் வார்த்துவிட்டார்கள். தெர்மோஸ்டாட் மூடி அங்கே இறுகுகிறது. ஆல்டர்னேட்டரைப் பிடிக்கும் தாங்கியும் அங்கேதான் வந்து சேர்கிறது. சூடு, அழுத்தம், அதிர்வு மூன்றும் ஒரே இடத்தில்.

பிளாஸ்டிக் என்று பொதுவாகச் சொன்னாலும் இது கண்ணாடி இழை கலந்த நைலான் 66. 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய பொருள். ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட இரண்டு மூலக்கூறுகள் மாறி மாறிக் கைகோத்த நீளச் சங்கிலி அது. பெயரில் உள்ள இரண்டு ஆறுகளும் அங்கிருந்து வந்தவை. ஒவ்வொரு முறை கைகோக்கும்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. இந்த வேதிவினை எதிர்த்திசையிலும் நடக்கும் என்பதுதான் சிக்கல். சூடான நீர் நைலானுக்குள் ஊறினால், வெளியேறிய நீர் திரும்பி வந்த கதையாகப் பிணைப்புகள் ஒவ்வொன்றாக அறுபடும். கூலன்டில் உள்ள கிளைகாலும் தன் பங்குக்கு நைலானைத் தாக்கும். நைலான் 66 உருகுவதற்கு 260 டிகிரி வேண்டும். கூலன்ட் 90 டிகிரியை ஒட்டித்தான் ஓடுகிறது. உருகுநிலையை மட்டும் பார்த்தால் பயமே இல்லை. ஆண்டுக்கணக்கில் நடக்கும் இந்த அரிப்பு உருகுநிலைக் கணக்கில் வராது.

இத்துடன் விரிவும் சுருக்கமும் சேர்கின்றன. கண்ணாடி இழைகள் படுத்திருக்கும் திசையில் இந்த நைலான் அலுமினியம் அளவுக்கே விரியும். குறுக்குத் திசையில் இரண்டு மூன்று மடங்கு விரியும். வண்டி சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் பொருளுக்குள்ளேயே ஓர் இழுபறி. அச்சில் உருக்கி ஊற்றும்போது இரு பக்கமிருந்து வரும் குழம்பு சந்திக்கும் கோடும் ஒரு பலவீனம். தோசைக்கல்லில் இரண்டு கரண்டி மாவைப் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். திருப்பும்போது அந்த இடத்தில்தான் பிய்யும். மேனிஃபோல்டிலும் அந்தக் கோட்டைத் தாண்டி இழைகள் ஊடுருவுவதில்லை.

ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகளும் இதே வகை நைலான்தானே என்று கேட்கலாம். ஆமாம், அவையும் வயதானால் வெடிக்கின்றன. ஆனால் ரேடியேட்டரைக் கழற்றுவது சின்ன வேலை. மேனிஃபோல்டுக்கோ இன்ஜினின் மேல்பகுதியையே பிரித்துப் போட வேண்டும். ஒரு பொருள் எப்படியும் ஒருநாள் தேயும் என்று தெரிந்தால், கை எட்டும் இடத்தில் அதை வைப்பதே நல்ல வடிவமைப்பு. விவகாரம் கடைசியில் நீதிமன்றம் போனது. கலிஃபோர்னியாவில் உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2005-இல் சமரசத்தில் முடிந்தது. இந்த உறுப்புக்கு 7 ஆண்டு உத்தரவாதம் தர ஃபோர்டு ஒப்புக்கொண்டது. பின்னால் வந்த மேனிஃபோல்டில் காற்றுப் பாதை பிளாஸ்டிக்காகவே இருந்தது. முன்பக்கத்து நீர்ப்பாதை மட்டும் அலுமினியமாக மாறியது. தவறு எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டாம்.

அந்த உத்தரவாதம் முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒர்க்‌ஷாப் கூலி மணிக்கு நூறு டாலருக்கு மேல் போகும் நாட்டில், இந்த வேலையைப் பலரும் வீட்டு வாசலிலேயே செய்துகொள்கிறார்கள். படம் போட்ட பழுதுபார்ப்புப் புத்தகங்கள் கிடைக்கும். சிறப்புக் கருவிகளை முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தரும் உதிரிபாகக் கடைகளும் உண்டு. முதல்முறை இறங்குபவருக்கு ஒரு முழு நாள் போய்விடும்.

கோளாறு முதலில் மூக்குக்குத் தெரியும். இனிப்பான ஒரு வாசனை, அடிக்கடி குறையும் கூலன்ட். கசியும் நீர் இரண்டு ஹெட்களுக்கு இடையே தேங்கும்; ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் இறங்கினால் இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கும். காயிலையும் பிளக்கையும் மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் நிறையப் பேர். விரிசல் நீர்ப்பாதையில் இல்லாமல் காற்றுப் பாதையில் விழுந்தால் அறிகுறி வேறு. இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் வெளியே உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். விரிசல் வழியே காற்று சீறிக்கொண்டு உள்ளே பாயும். சென்சார் அளக்காத காற்று என்பதால் பெட்ரோல் கலவை நீர்த்துப்போய் இன்ஜின் ஆட்டம் போடும்.

வேலையைத் தொடங்கும்முன் இன்ஜின் நன்றாக ஆற வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் குபீரென்று கொதித்து முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, பெட்ரோல் குழாயின் அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம். வடித்த கூலன்டைத் திறந்து வைக்கக் கூடாது. கிளைகால் இனிக்கும், நாய்களும் குழந்தைகளும் நக்கிவிட்டால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுக்கும். ஒயர்களையும் ஹோஸ்களையும் பிரிக்கும்முன் போனில் படம் எடுத்துக்கொள்வது, மாலையில் மாட்டும்போது உதவும்.

மேனிஃபோல்டைத் தூக்கியதும் சிலிண்டருக்குப் போகும் துளைகள் திறந்து கிடக்கும். உடனே சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். ஒரு சிறு நட்டு உள்ளே விழுந்தாலும் கதை கெட்டது. பழைய கேஸ்கெட் ஒட்டியிருக்கும் பரப்பு அலுமினியம் என்பதால் பிளாஸ்டிக் சுரண்டியே நல்லது. சுழலும் உப்புத்தாள் தட்டைப் பயன்படுத்தவே கூடாது. அதிலிருந்து உதிரும் துகள் ஆயிலில் கலந்து பேரிங்குகளைத் தின்றுவிடும்.

இறுக்கும் கட்டத்தில்தான் பல வேலைகள் கெடுகின்றன. 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், அது சுமார் ஒன்றரை டன் எடைக்குச் சமமான விசையால் கீழே அழுத்துகிறது. கைக்கு அந்த அளவு தெரியாது. இரும்பு இன்ஜினில் பழகிய கை ‘இன்னும் கொஞ்சம்’ என்று திருகும். புது மேனிஃபோல்டு அங்கேயே கீறிக்கொள்ளும். டார்க் ரெஞ்ச் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இடமும் வலமும் மாறி மாறி, இரண்டு சுற்றாக இறுக்க வேண்டும். ஓர் ஓரத்தை முதலிலேயே முழுதாக இறுக்கினால் நீண்ட பிளாஸ்டிக் உடல் வளைந்து மறு ஓரம் தூக்கிக்கொள்ளும். சரியான அளவும் வரிசையும் அந்தந்த இன்ஜினின் புத்தகத்தில் இருக்கும். அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

புதிய கூலன்ட் நிரப்பியதும் ஹீட்டரை முழு அளவில் வைத்து இன்ஜினை ஓடவிட்டு, குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுவார்கள். ஆயில் குச்சியில் பால்போல வெண்மை தெரிந்தால் ஆயிலுக்குள் நீர் இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் முன்பக்கமும் பிளாஸ்டிக்காக உள்ள பழைய மேனிஃபோல்டு மலிவாகக் கிடைக்கும். அதை வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் உடைந்ததற்கு ஆன அதே வயது அதற்கும் ஆகியிருக்கும்.