மணி அடித்தால் மட்டும் போதுமா?



"கண்டிஷன் வேரியபிள்" என்ற வார்த்தையைப் பார்த்ததும் 'இது கம்ப்யூட்டர் பிரிவுக்காரன் சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரு மோட்டார் எரிகிறது. எரித்தவன் நான்தான். மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் நண்பர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் த்ரெட் என்றால் என்ன? ஒரு புரோகிராமுக்குள்ளேயே ஒரே நேரத்தில் நடக்கும் பல வேலைகளில் ஒவ்வொன்றும் ஒரு த்ரெட். ஒரு த்ரெட் சென்சாரைப் படிக்கும். இன்னொன்று அதை வட்டில் எழுதும். மூன்றாவது திரையில் காட்டும். எல்லாம் ஒரே நினைவகத்தைத்தான் பங்கு போட்டுக் கொள்கின்றன. பங்கு என்று வந்துவிட்டாலே சண்டையும் வரும் என்பது காரமடைப் பக்கத்துக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மூன்று வீட்டுக்குப் பங்கு: பெரியப்பா, எங்கப்பா, சித்தப்பா. மோட்டார் ஒன்று, மோட்டார் ரூம் சாவி ஒன்று. சாவி வாசலுக்கு மேலே ஆணியில் தொங்கும். உள்ளே சுவரில் ஒரு சிலேட்டு. "ஓடுது - பெரியவர்", "நின்னாச்சு, தண்ணி நாலு முழம் இருக்குது" என்று யார் என்ன செய்தாலும் அதில் எழுதி வைக்க வேண்டும். சாவி கையில் இருப்பவர் மட்டும்தான் சிலேட்டைத் தொடலாம். எழுதியதும் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட வேண்டும்.

இந்தச் சாவிக்குக் கம்ப்யூட்டர் பாஷையில் மியூடெக்ஸ் என்று பெயர். சிலேட்டுதான் பொதுவான வேரியபிள். சாவி இல்லாமல் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சிலேட்டில் கை வைத்தால் என்ன ஆகும்? 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு மின்நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் இப்படித்தான் செயலற்றுப் போனது. ஒரே தகவலை இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் மாற்றப் போய், அலாரம் முடிவில்லாத சுற்றில் சிக்கிக் கொண்டது. லைன்கள் ஒவ்வொன்றாய் விழுந்தது ஆபரேட்டர்களுக்குத் தெரியவில்லை. வேறு காரணங்களும் சேர்ந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருட்டில் கிடந்தார்கள்.

சரி, பூட்டு போட்டாகிவிட்டது. அதோடு முடிந்ததா? இல்லை. பூட்டு சண்டையைத் தடுக்கும், அவ்வளவுதான். 'என் முறை எப்போது வரும்?' என்று காத்திருப்பவனுக்கு அது பதில் சொல்லாது.

பெரியப்பா தண்ணி கட்டி முடித்தாரா என்று பார்க்க, அப்பா ராத்திரியில் அரைமணிக்கு ஒருதரம் டார்ச்சை எடுத்துக் கொண்டு போவார். சாவியை எடுப்பார், திறப்பார், சிலேட்டைப் பார்ப்பார், பூட்டுவார், வருவார். இதுதான் 'பிஸி வெயிட்டிங்'. தூக்கமும் இல்லை, வேலையும் இல்லை. கம்ப்யூட்டரில் இதே காரியத்தைச் செய்யும் த்ரெட், புராசஸரை வீணாகச் சுற்ற வைக்கும். அதைவிட மோசம் ஒன்று உண்டு. ஒரு நாள் பெரியப்பா மோட்டாரை நிறுத்த வந்தபோது சாவி ஆணியில் இல்லை. அப்பா உள்ளே நின்று சிலேட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். "ஏண்டா தம்பி, நான் நிறுத்துனாத்தான உனக்கு முறை வரும்? நீ சாவிய வெச்சுட்டு நின்னா நான் எப்படி நிறுத்தறது?" என்றார் பெரியப்பா. பூட்டைப் பிடித்துக் கொண்டே காத்திருக்கக் கூடாது என்ற பாடத்தை அவர் ஒரே வரியில் நடத்திவிட்டார்!

பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன். மோட்டார் ரூமிலிருந்து மூன்று வீட்டுக்கும் ஒயர் இழுத்து மணி வைத்தார். வேலை முடித்தவர் சிலேட்டில் எழுதிவிட்டு ஸ்விட்சை அழுத்துவார். மற்றவர்கள் அதுவரை நிம்மதியாகத் தூங்கலாம். இந்த மணிதான் கண்டிஷன் வேரியபிள். தூங்கப் போவது 'வெயிட்'. ஒரு வீட்டுக்கு மட்டும் மணி அடிப்பது 'சிக்னல்'. எல்லா வீட்டுக்கும் அடிப்பது 'பிராட்காஸ்ட்'.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. கண்டிஷன் வேரியபிளுக்குள் கண்டிஷனும் கிடையாது, மதிப்பும் கிடையாது. மணிக்கு ஞாபகம் இல்லை. அடித்தபோது கேட்க ஆள் இல்லையென்றால் அந்தச் சத்தம் காற்றோடு போச்சு. டைக்ஸ்ட்ரா 1965-ல் எழுதிய செமஃபோர் அப்படியல்ல, அது எண்ணிக்கையை வைத்துக் கொள்ளும். நமக்கு ஞாபகம் வேண்டுமென்றால் சிலேட்டுதான் கதி.

மணி வைத்த முதல் வாரமே சிக்கல். அப்பா சிலேட்டைப் பார்த்தார், "ஓடுது" என்று இருந்தது. பூட்டிவிட்டு வரப்பில் நடந்து வந்து கொண்டிருக்கும்போதே பெரியப்பா நிறுத்தி மணி அடித்துவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து படுத்தார். அடித்து முடிந்த மணிக்காக விடிய விடியக் காத்திருந்தார்! இதற்கு 'லாஸ்ட் வேக்-அப்' என்று பெயர். பூட்டை விடுவதற்கும் தூங்குவதற்கும் நடுவே உள்ள அந்த வரப்பு தூரம்தான் ஆபத்து. 'வெயிட்' கட்டளையின் மகிமை இங்கேதான். பூட்டை விடுவதையும் தூங்கப் போவதையும் அது பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்கிறது. எழுந்ததும் பூட்டைத் திரும்ப வாங்கிக் கொண்டுதான் அடுத்த வரிக்குப் போகும். அதனால்தான் வெயிட் கட்டளைக்கு மணியோடு சாவியின் பெயரையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

இனி என் கதை. நான் பத்தாவது படிக்கும்போது அப்பா வாழைத்தார் ஏற்றிக் கொண்டு மேட்டுப்பாளையம் போயிருந்தார். "மணி அடிச்சா கறிவேப்பிலைக்குத் தண்ணி உட்ருடா" என்று சொல்லியிருந்தார். ராத்திரி மணி அடித்தது. எழுந்தேன். 'அஞ்சு நிமிஷம்' என்று புரண்டு படுத்தேன். கண் விழித்தபோது ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது. அலறியடித்து ஓடிச் சாவியை எடுத்து, ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

அதே மணி சித்தப்பா வீட்டிலும் அடித்திருந்தது. அவர் எனக்கு முன்னே போய், ஓட்டி, தண்ணி அடியில் போனதும் நிறுத்தியிருந்தார். சிலேட்டில் "தண்ணி இல்லை, போடாதீங்க" என்று எழுதியும் வைத்திருந்தார். நான் அதைப் பார்க்கவே இல்லை. மணிதான் அடித்ததே! தண்ணீரில்லாமல் ஓடிய மோட்டாரில் சீல் கருகி, காயிலும் போய்விட்டது. அப்பா திட்டவில்லை. காயில் கட்டும் கடை வாசலில் நின்று பில்லை என் கையில் கொடுத்து, "படிச்சுப் பாரு சாமி, சிலேட்டு மாதிரி உட்ராத" என்றார். அது நெஞ்சில் இன்னும் இருக்கிறது.

இதே தப்பை டிப்ளமோ புராஜெக்டிலும் செய்தேன் என்றால் நம்புவீர்களா? பத்து இடமுள்ள ஒரு பஃபர். ஒரு த்ரெட் சென்சார் அளவைப் போடும், இரண்டு த்ரெட் எடுக்கும். 'காலியாக இருந்தால் வெயிட்' என்று எழுத 'இஃப்' போட்டேன். எடுப்பது ஒரு த்ரெட்டாக இருந்தவரை மூன்று நாள் அருமையாக ஓடியது. டெமோ அன்று இரண்டாவதையும் சேர்த்ததும் காலி பஃபரிலிருந்து குப்பையை எடுத்துக் காட்டியது. மணி கேட்டு ஒன்று எழுவதற்குள் மற்றொன்று சரக்கைத் தூக்கிக் கொண்டு போய்விட்டது. சித்தப்பா கதையேதான்! 'இஃப்' இருந்த இடத்தில் 'வைல்' போட்டேன். ஒரே ஒரு வார்த்தை, சரியாகிவிட்டது.

இது என் ஒருவன் தப்பு மட்டுமல்ல, இதற்குச் சரித்திரமே உண்டு. 1974-ல் ஹோர் எழுதிய மானிட்டர் கட்டுரையில், சிக்னல் கொடுத்தவன் சாவியை எழுந்தவன் கையிலேயே நேராகக் கொடுத்துவிடுவான், நடுவில் யாரும் புக முடியாது. அங்கே 'இஃப்' போதும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் மெஸா மொழியில் அப்படி இல்லை. எழுந்தவன் மறுபடி வரிசையில் நின்றுதான் சாவியை வாங்க வேண்டும், அதற்குள் நிலைமை மாறியிருக்கலாம். இதை லாம்ப்ஸனும் ரெடெல்லும் 1980-ல் விளக்கி எழுதினார்கள். 1995-ல் வந்த பாசிக்ஸ் த்ரெட், ஜாவாவின் வெயிட்-நோட்டிஃபை, 2011-ன் சி பிளஸ் பிளஸ் எல்லாமே மெஸா வழிதான். போதாக்குறைக்கு, யாரும் அடிக்காமலே மணி கேட்டதுபோல் த்ரெட் எழுந்துவிடலாம் என்றும் பாசிக்ஸ் சொல்கிறது. ஆகவே எழுந்ததும் சிலேட்டைப் பார், இல்லையென்றால் திரும்பத் தூங்கு. 'வைல்' செய்வது அதைத்தான்.

ஜூனியர் நண்பர்கள் நோட்டில் எழுதி வைத்துக் கொள்ள:

1. சிலேட்டைப் படிப்பதும் எழுதுவதும் சாவியோடுதான்.

2. முதலில் சிலேட்டை மாற்று, பிறகு மணி அடி.

3. வெயிட்டை எப்போதும் 'வைல்' சுற்றுக்குள்ளேயே வை.

4. வெவ்வேறு காரணத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு வெவ்வேறு மணி வை. பஃபருக்கு 'சரக்கு வந்தது' ஒன்று, 'இடம் காலி' ஒன்று. ஒரே மணிதான் என்றால் பிராட்காஸ்ட் கொடு. இல்லாவிட்டால் தப்பான ஆள் எழுந்து திரும்பப் படுத்துவிடுவான், எழ வேண்டியவன் தூங்கிக் கொண்டே இருப்பான்.

எங்கள் மோட்டார் ரூமில் அந்தச் சிலேட்டு இன்னும் தொங்குகிறது. ஸ்டார்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில் இருந்ததை அப்பா கழற்றி, ஸ்டார்ட்டர் மேலேயே மாட்டிவிட்டார். அதை நகர்த்தாமல் யாராலும் மோட்டாரைப் போட முடியாது. 'வைல்' என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் எனக்கு முன்னே எழுதியவர் அவர்தான்!