மருந்துக்கு முன்னால் மண்

2010 தொடக்கத்தில், நைஜீரியாவின் வடமேற்கில் உள்ள ஸம்ஃபாரா மாநிலத்துக் கிராமங்களில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்தார்கள். வாந்தி, வயிற்றுவலி, பிறகு வலிப்பு. மலேரியா மலிந்த பகுதி என்பதால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் போனது. மலேரியா மருந்து கொடுத்தும் குழந்தைகள் தேறவில்லை. 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பினர் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பிய பிறகே காரணம் தெரிந்தது: ஈயம்.

தங்கத்தின் விலை ஏறியிருந்த காலம் அது. அந்தப் பக்கத்தில் தங்கம் கிடைக்கும் பாறையிலேயே ஈயமும் ஏராளமாக இருக்கிறது. கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, முற்றத்தில் உடைத்து, மாவு அரைக்கிற இயந்திரங்களில் போட்டுப் பொடியாக்கினார்கள். அந்தப் பொடி தரையிலும் பாயிலும் பாத்திரத்திலும் படிந்தது. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். அவ்வளவுதான், நஞ்சு உள்ளே போய்விட்டது.

டரேட்டா, யார்கால்மா என்ற இரண்டு கிராமங்களில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் வீடுவீடாகக் கணக்கெடுத்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட 463 குழந்தைகளில் 118 பேர் முந்தைய ஓராண்டுக்குள் இறந்திருந்தார்கள். நான்கில் ஒரு குழந்தை! உயிரோடிருந்தவர்களில் 204 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 45 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால் கீலேஷன் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது மருத்துவ வழக்கம். 198 குழந்தைகள் அந்த அளவை எட்டியோ தாண்டியோ இருந்தார்கள்.

கீலேஷன் என்பது உடலுக்குள் போன உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் முறை. இரண்டாம் உலகப் போரின்போது, லூயிசைட் என்ற ஆர்சனிக் விஷவாயுவுக்கு முறிமருந்து தேடிய ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் உருவாக்கிய டைமெர்காப்ரால்தான் இந்த வகையில் பெயர் பெற்ற முதல் மருந்து. அதை ஊசியாக, தசையில் வலிக்க வலிக்கப் போட வேண்டும். ஸம்ஃபாராவில் கொடுத்தது அதன் உறவுக்கார மருந்தான டிஎம்எஸ்ஏ, வாய்வழியே கொடுக்கலாம். அதில் உள்ள கந்தக அணுக்கள் ஈயத்தைப் பற்றிக்கொள்ள, இரண்டும் சேர்ந்து சிறுநீரில் வெளியேறும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஈயம் ரத்தத்தில் மட்டும் தங்குவதில்லை. உடல் அதைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துவைக்கிறது. மருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்ததும் எலும்பிலிருந்து மீண்டும் ஈயம் இறங்கி வருகிறது. அதனால்தான் முதல் ஓராண்டில் 1,156 குழந்தைகளுக்கு 3,180 சுற்று மருந்து தேவைப்பட்டது. ஒவ்வொரு சுற்றும் 19 அல்லது 28 நாள். ஒரு சுற்று முடிந்தால், சராசரியாக, முன்பிருந்த ஈயத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும்.

இத்தனை பாடுபட்டு ஈயத்தைக் குறைத்த குழந்தையை அதே முற்றத்துக்குத் திருப்பி அனுப்பினால்? அதனால் மருத்துவர்கள் ஒரு கண்டிப்பான முடிவெடுத்தார்கள்: மண் சுத்தமாகாத ஊரில் சிகிச்சை இல்லை. வீடுகளின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, பாதுகாப்பாகப் புதைத்து, நல்ல மண்ணைக் கொட்டிய பிறகே மருந்து. பாதிக்கப்பட்ட ஊர்களில் பெரியதான பாகேகாவுக்கு அரசுப் பணம் வரத் தாமதமாகி, 2013-இல்தான் மண் அகற்றும் வேலை தொடங்கியது. நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்! மருந்து இருந்தது, மருத்துவர்கள் இருந்தார்கள், மண்வெட்டிக்குக் கூலி கொடுக்கத்தான் ஆள் இல்லை. அந்த மருத்துவர்களின் முடிவு சரி என்றே நினைக்கிறேன். தாமதித்தவர்களை மன்னிக்க மட்டும் மனம் வரவில்லை.

இந்த மருந்து உயிரைக் காக்கும். மூளைக்கு நேர்ந்த சேதத்தை அது ஈடுசெய்யும் என்று நம்பத்தான் வழியில்லை. ரத்தத்தில் 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை ஈயம் இருந்த 780 அமெரிக்கக் குழந்தைகளிடம் இதே மருந்தைச் சோதித்து, 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். ஈயம் குறைந்தது, அறிவுத்திறன் தேர்வுகளில் ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை.

உண்மையான நஞ்சுக்கே இவ்வளவுதான் பலன் என்றால், 'உடம்பைச் சுத்தப்படுத்துகிறோம்' என்று ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இதே மருந்தை விற்பதை என்ன சொல்வது? சிலர் முதலில் மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீரைச் சோதிக்கிறார்கள். அந்த மருந்து உள்ளே போனால் யாருடைய சிறுநீரிலும் உலோகம் கூடும். மருந்து சாப்பிடாதவர்களுக்கான அளவோடு அதை ஒப்பிட்டு, 'பாருங்கள், உங்களுக்குள் நஞ்சு' என்று காட்டுகிறார்கள். இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்க மருத்துவ நஞ்சியல் கல்லூரி 2010-லேயே அறிவித்துவிட்டது.

பணம் போவதோடு முடிவதில்லை இது. ஈடிடிஏ என்ற கீலேஷன் மருந்தில் இரண்டு வகை உண்டு. ஈய நஞ்சுக்குக் கொடுப்பது கால்சியம் சேர்ந்த வகை. கால்சியம் சேராத வகை, ரத்தத்தில் உள்ள கால்சியத்தையே இழுத்துக்கொண்டு போய்விடும், இதயம் நின்றுபோகலாம். 2003-க்கும் 2005-க்கும் இடையில் அமெரிக்காவில் மூன்று பேர் கீலேஷன் சிகிச்சையின்போது கால்சியம் சரிந்து இறந்தார்கள், அவர்களில் இருவர் குழந்தைகள். பென்சில்வேனியாவில் இறந்த ஐந்து வயதுச் சிறுவனுக்குக் கால்சியம் சேராத ஈடிடிஏவைச் செலுத்தியது ஆட்டிசத்துக்காக. ஆட்டிசத்துக்குக் கீலேஷன் பயன் தரும் என்பதற்கு அன்றும் ஆதாரம் இல்லை, இன்றும் இல்லை.