நிறத்துக்கும் ஒரு தராசு

சென்ற ஆண்டு ஒரு நாள் பிற்பகலில், எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவர் பெரிய துணிப்பையுடன் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். போச்சம்பள்ளி நெசவாளர்களிடம் சேலைகளை வாங்கி, அவற்றைப் படமெடுத்து, இணையத்தின் வழியே விற்பவர் அவர். “இம்மாதத் தவணையைச் செலுத்தப் பத்து நாள் அவகாசம் வேண்டும், சார்” என்று தயக்கத்துடன் கேட்டார். பைக்குள் இருந்தவை திரும்பி வந்த ஏழு பட்டுச் சேலைகள். நெசவில் குறையில்லை, சாயமும் போகவில்லை. “படத்தில் கண்டது செங்கல் சிவப்பு, கைக்கு வந்ததோ மாதுளைச் சிவப்பு” என்பதுதான் வாங்கியவர்களின் புகார். ஒருவர் அவரை ஏமாற்றுக்காரர் என்றே எழுதிவிட்டார். பணம் முடங்கியதைவிட அந்தச் சொல்தான் அவரை அதிகம் வருத்தியிருந்தது.

வணிகவியல் படித்து வங்கிக்கு வந்தவன் நான். ஆயினும் புகைப்படம் என் நெடுநாள் பொழுதுபோக்கு. எனவே தவற்றின் இருப்பிடத்தை ஓரளவு ஊகிக்க முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய கடைக்குச் சென்று பார்த்தேன். கேமராவும் நன்று, விளக்குகளும் நன்று. படங்களைத் திருத்தும் கணினித் திரைதான் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

கடைகளில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பல மானிட்டர்கள் மிகுந்த ஒளியுடனும் சற்றே நீலச் சாயலுடனும் விற்பனைக்கு வருகின்றன. நீலம் மிகுந்த திரையில் மாதுளைச் சிவப்பு குளிர்ந்து வெளிறித் தோன்றும். அதைச் சரிசெய்ய எண்ணி நாம் படத்தில் மஞ்சளும் சிவப்பும் கூட்டுவோம். நம் திரையில் அது சேலையைப் போலவே தெரியும். பிறர் திரையில் செங்கல்லாகிவிடும். அதேபோல, ஒளி மிகுந்த திரையில் திருத்திய படம் பிறருக்கு இருண்டு தோன்றும். இவ்வாறு நேர்மையாகச் செய்த திருத்தமே பிழையாகிவிடுகிறது.

நிறத்தைப் படம் தவறாகச் சொல்வது இந்நகருக்குப் புதிதன்று. ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக் கலைஞராக விளங்கிய ராஜா தீன தயாள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செகந்திராபாத்தில் படப்பிடிப்பு நிலையம் நடத்தினார். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை எளிதில் பற்றிக்கொள்ளும். சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் உணராது. ஆகவே கறுப்பு வெள்ளைப் படத்தில் நீல வானம் வெளுத்தும், செந்நிற ஆடை கறுத்தும் பதிந்தன. கருவியின் இயல்பை அறிந்து தொழில் செய்தவர்களே அன்றும் நல்ல படம் எடுத்தனர்.

இன்று அந்த இயல்பை அளந்தே அறியலாம். வணிகர்களின் தராசுகளைக் குறித்த கால இடைவெளியில் எடையளவுத் துறையினர் சோதித்து முத்திரையிடுவதை வாசகர்கள் அறிவார்கள். கணினித் திரையும் நிறத்தை நிறுக்கும் தராசுதான். அதற்குரிய சோதனையே காலிப்ரேஷன் எனப்படும் அளவுத்திருத்தம்.

இதற்கான கருவியின் பெயர் கலரிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும் அதனைத் திரையின் மீது படிய வைத்தால், மென்பொருள் ஒன்றன்பின் ஒன்றாக நிறக் கட்டங்களைக் காட்டும். காட்ட வேண்டிய நிறம் எது, திரை காட்டுகிற நிறம் எது என்பதைக் கருவி ஒப்பிடும். நாங்கள் நாள்முடிவில் ரொக்க இருப்பையும் பேரேட்டையும் ஒத்துப் பார்ப்பது போன்றதே இது. வேறுபாடுகள் ‘ஐசிசி புரொஃபைல்’ என்ற கோப்பாகப் பதிவாகும். அதைக் கொண்டு கணினி திரையின் பிழையை ஈடுசெய்துகொள்ளும்.

இணைய விற்பனைக்கான படங்களுக்குப் பொதுவாகக் கொள்ளத்தக்க அளவுகள் மூன்று. வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, ஒளிர்வு, சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா வரை. நம் வாடிக்கையாளரின் திரை 7800 கெல்வினில் நீலம் பூத்து, 280 கேண்டலாவில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அளக்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. திரையை அரை மணி நேரம் எரியவிட வேண்டும். இரவு நேர மஞ்சள் ஒளி, தானியங்கி ஒளிர்வு ஆகிய வசதிகளை நிறுத்திவிட வேண்டும். சன்னல் வெயில் திரையில் விழலாகாது. திரைகள் நாளடைவில் மாறும் இயல்புடையவை. எனவே மாதம் ஒருமுறை மீண்டும் அளப்பது நலம்.

திருத்தி முடித்த படத்தை ‘எஸ்ஆர்ஜிபி’ என்ற நிற வரையறையில் சேமிக்க வேண்டும். ஹியூலட் பேக்கர்டு, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996இல் முன்மொழிந்த இவ்வரையறை, 1999இல் பன்னாட்டுத் தரமாயிற்று. பெரும்பாலான திரைகளுக்கு அதுவே பொது மொழி. ஆனால் மனிதக் கண் காணும் எல்லா நிறமும் அதில் அடங்காது. மயில் நீலம் போன்ற அடர்ந்த சாயங்கள் சில அதன் எல்லைக்கு வெளியே நிற்கும். அத்தகைய சேலைக்குப் படத்தோடு நிற விளக்கத்தையும் சொற்களால் எழுதிவிடுவதே நேர்மை.

கருவி வாங்க இயலாதோர் விண்டோஸ், மேக் கணினிகளில் உள்ள அளவுத்திருத்த வசதியைக் கண்ணளவில் பயன்படுத்தலாம். ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட அது மேல். எளிய கலரிமீட்டரின் விலை ஏறத்தாழ ஒன்றிரண்டு போச்சம்பள்ளிப் பட்டுச் சேலைகளின் விலைதான். மாதம் ஒருமுறையே தேவைப்படுவதால் நான்கைந்து வணிகர்கள் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். தொழிற்கடனுக்கு விண்ணப்பிப்போர், கணினி, கேமராவுடன் இதையும் உபகரணப் பட்டியலில் சேர்த்துக் காட்டித் தங்கள் கிளையில் கேட்டுப் பார்க்கலாம்.

அன்று மாலை, திருத்திய திரையில் அவருடைய பழைய படத்தைத் திறந்தோம். அவர் சேலையை எடுத்துத் திரைக்கு அருகே பிடித்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அவர்கள் சொன்னது உண்மைதான், சார். நான்தான் பார்க்கவில்லை” என்றார். அன்றிரவே புகார் எழுதியவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார், படங்களையும் மாற்றினார்.

திரும்பி வந்த ஏழில் ஐந்து சேலைகள் அதன்பின் விற்றன. இரண்டு இன்னும் அலமாரியில் உள்ளன. புகார்கள் அடியோடு நின்றுவிட்டன என்று கூற மாட்டேன். வாங்குபவரின் கைப்பேசித் திரை எப்படிப்பட்டதோ, அது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது நம் தராசு மட்டுமே.

போச்சம்பள்ளி இக்கத் நெசவு புவிசார் குறியீடு பெற்றது. நூலைக் கட்டிக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, நெய்வதற்கு முன்பே நூலில் வடிவத்தையும் நிறத்தையும் முடிவு செய்யும் கலை அது. நெசவாளர் அத்தனை கவனத்தோடு ஏற்றிய நிறத்தை வாங்குபவரிடம் மாறாமல் கொண்டுசேர்ப்பது விற்பவரின் கடமை. நாணயம் என்ற சொல்லுக்குப் பணம் என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டு. வணிகத்தில் இரண்டும் ஒன்றையொன்று பிரிந்து நெடுநாள் வாழ்வதில்லை.