சங்கு குளிப்பவரும் சோடாப் புட்டியும்

தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்த ஒருவர் படகில் ஏறி, நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சற்று நேரத்தில் முழங்கால் குடைகிறது. பிறகு கால்கள் மரத்துப்போகின்றன. காயமோ எதுவும் இல்லை. 'அலுப்புதான், எண்ணெய் தேய்த்தால் சரியாகும்' என்று வீட்டுக்கு அழைத்துப் போனால், அவர் மீண்டும் நடக்க முடியாமலே போகலாம்.

காரணம் என்ன? கோலி சோடாவை உடைத்ததும் குமிழிகள் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தத்தால் நீரில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் குறைந்ததும் வெளியேறுகிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 20 மீட்டரில் மொத்தம் 3. அங்கே கம்ப்ரசர் குழாய் வழியாக நெடுநேரம் சுவாசிப்பவர் உடலில் நைட்ரஜன் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலே வந்தால் அது இரத்தத்திலும் திசுக்களிலும் குமிழியாகிறது. தண்டுவடம் பாதிக்கப்பட்டால் கால்கள் செயலிழக்கும். (1961 வரை இங்கே முத்துக் குளித்தவர்கள் மூச்சடக்கியே இறங்கினார்கள். அடியில் புதுக் காற்று கிடைக்காததால் அவர்களுக்கு இத்தொல்லை மிக அரிது.)

இந்நோயாளியிடம் முதலில் வந்து சேருபவர் டாக்டர் அல்லர். தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய 108 ஆம்புலன்சின் மருத்துவ உதவியாளர். நர்சிங் படித்தவர்களையும், விலங்கியல், தாவரவியல் போன்ற பட்டதாரிகளையும் எடுத்துச் சுமார் 50 நாள் பயிற்சி தருகிறார்கள். இயற்பியல் பட்டத்தை அந்த அறிவிப்புகளில் நான் கண்டதில்லை. எனக்குச் சற்று வருத்தம்தான்!

வகுப்பறையில் பொம்மையின் மார்பை அழுத்திப் பழகலாம். பொம்மை வாந்தி எடுக்காது. அதன் உறவினர் கையைப் பிடித்து இழுக்கமாட்டார். அதனால்தான் மருத்துவமனையிலும் ஓடும் வண்டியிலும் அனுபவசாலியின் அருகிலிருந்து கற்கவேண்டியிருக்கிறது. உதாரணமாக, சைரன் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது. அப்போது மணிக்கட்டு நாடியில் விரலை வைத்து, கைப்பட்டையின் காற்றை மெல்ல இறக்குவார்கள். நாடி மீண்டும் தட்டுப்படும்போது மானி காட்டுவதே மேல் இரத்த அழுத்தம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1967இல் தொடங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் பணியில், வேலையில்லாதிருந்த கறுப்பின இளைஞர்களும் இப்படித்தான் டாக்டர் பீட்டர் சாஃபரின் திட்டத்தில் தேர்ந்தார்கள்.

சங்கு குளித்தவரிடம் உதவியாளர் கேட்கவேண்டியவை: எவ்வளவு ஆழம்? எவ்வளவு நேரம்? எத்தனை முறை? எவ்வளவு வேகமாக ஏறினீர்கள்? பிறகு அவரைப் படுக்கவைத்து, முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுப்பார். உள்ளே போகும் வாயுவில் நைட்ரஜன் இல்லாததால், இரத்தத்திலுள்ள நைட்ரஜன் நுரையீரல் வழியே விரைவாக வெளியேறும். மறுபடி கடலில் இறக்கிப் பார்ப்பது ஆபத்து. அந்த வேலையை அழுத்த அறை கொண்ட மருத்துவமனையில்தான் செய்யவேண்டும். அங்கே அழுத்தத்தைக் கூட்டிக் குமிழிகளைச் சுருங்கவைத்து, பிறகு மணிக்கணக்கில், சிறுகச் சிறுகக் குறைப்பார்கள்.