வெயிலில் சட்டென்று கறுக்கும் லென்ஸ் நிழலில் ஏன் தாமதிக்கிறது?

ஒளிக்கேற்ப நிறம் மாறும் பவர் கண்ணாடி, சைக்கிளில் வெட்டவெளிக்கு வந்ததும் நொடிகளில் கறுக்கத் தொடங்கும். மரநிழலுக்குள் நுழைந்தாலோ முழுதாகத் தெளியச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

காரணம் லென்ஸில் உள்ள சாயம். 1960களில் கார்னிங் நிறுவனம் உருவாக்கிய கண்ணாடியில் வெள்ளி ஹாலைடு நுண்படிகங்கள் இருந்தன. இன்றைய பிளாஸ்டிக் லென்ஸ்களில் இருப்பவை நாப்தோபைரான் போன்ற கரிமச் சாயங்கள். புற ஊதாக் கதிர் பட்டதும் மூலக்கூறின் வளையத்தில் ஒரு பிணைப்பு அறுந்து அது விரிகிறது. விரிந்த வடிவம் கட்புலனாகும் ஒளியை உறிஞ்சுவதால் லென்ஸ் கறுக்கிறது. திரும்ப மூடிக்கொள்ள வைப்பது பெரும்பாலும் வெப்பம். அது மெதுவான வேலை. மூடுவது வெப்பம் என்பதால்தான் சித்திரை வெயிலில் இந்த லென்ஸ் எதிர்பார்த்த அளவு கறுப்பதில்லை: விரிய விரிய வெப்பம் மூடிவிடுகிறது. ஊட்டிக் குளிரிலோ நன்றாகக் கறுத்து, தெளிய அடம்பிடிக்கும்.

சுரங்கப்பாதைக்குள் வேகமாக இறங்குபவருக்கு அந்தச் சில நிமிடங்கள் ஆபத்தானவை. பள்ளமும் மணலும் கண்ணில் படாது.

கையில் பணம் குறைவென்றால், என் தேர்வு நிறமற்ற பாலிகார்பனேட் பவர் லென்ஸும், அதன்மேல் மாட்டித் தூக்கிவிடக்கூடிய கறுப்பு கிளிப்பும்தான். பாலிகார்பனேட் எளிதில் உடையாது. புற ஊதாவைத் தானே தடுக்கும். கீறல் விழும் என்பதால் மேற்பூச்சு கேட்டு வாங்குங்கள். முகத்தைச் சுற்றி வளையும் ஃபிரேம் அழகுதான், ஆனால் பவர் அதிகமானவர்களுக்கு ஓரங்களில் பிம்பம் கோணலாகும், விலையும் ஏறும். சற்றே அகலமான சாதாரண ஃபிரேமே காற்றையும் தூசியையும் ஓரளவு தடுத்துவிடும்.