பூட்ஸ் கடிக்கிறதா? உள்ளே இருப்பதை மாற்றிப் பாருங்கள்

“ரெண்டு நாள் போட்டா லூஸாயிடும் சார்” என்று சொல்லாத செருப்புக் கடைக்காரர் கிடையாது. நல்ல தோல் ஷூவாக இருந்தால் அதில் பாதி உண்மை. தோலின் இழைகள் வியர்வை ஈரத்திலும் உடல் சூட்டிலும் அகலவாக்கில் கொஞ்சம் இளகும், நீளவாக்கில் இளகாது. ஆனால் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சேஃப்டி பூட்ஸில் மேற்புறம் பெரும்பாலும் ரெக்ஸின், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றிய மட்டரகத் தோல். அது லூஸாகாது. கால்தான் காய்த்துப்போகும்.

இப்படிப்பட்ட பூட்ஸில் காசு எங்கே போகிறது? விரல்களுக்கு மேலே இருக்கும் இரும்புக் கவசத்துக்கும் அடியில் வார்க்கும் சோலுக்கும். அந்தக் கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 20345 தரவிதி. 20 கிலோ எடையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம் அது. அதில் கைவைத்தால் சோதனையில் தேறாது. எனவே மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் பாதம் படும் இடத்தில்.

கொஞ்ச நாள் போட்ட பூட்ஸுக்குள் கையை விட்டு இன்சோலை உருவிப் பாருங்கள். துணி ஒட்டிய மெல்லிய ஸ்பாஞ்சு, மேடு பள்ளம் எதுவும் இல்லாமல் தட்டையாக வரும். குதிகால் படும் இடமும், விரல்களுக்குப் பின்னால் உள்ள சதைப்பற்றான பகுதி படும் இடமும் கறுத்து, மினுமினுத்து, குழி விழுந்திருக்கும். நடுப்பகுதி புத்தம் புதிதாக இருக்கும். உடலின் எடை முழுக்க இரண்டே இடங்களில் இறங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று எட்டாம் வகுப்பில் படித்ததுதான். 60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நிற்கிறார். 50 சதுர செ.மீ. மட்டுமே தரையில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர செ.மீ. மீது 1.2 கிலோ. பாதத்தின் நடு வளைவையும் தாங்கிப் பிடித்து அந்தப் பரப்பை 75 ஆக்கிவிட்டால் 0.8 கிலோ. எடை குறையவில்லை, பகிர்ந்து கொள்ள ஆள் கூடியிருக்கிறது. நல்ல இன்சோலின் முதல் வேலை இதுதான். மெத்தென்று இருப்பது அதற்கு அடுத்ததுதான்.

இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொன்ன இடங்களில் ஒன்று வேலூர். கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் பாதம் நோயினாலேயே அழுகிப்போகிறது என்று அப்போது நம்பினார்கள். அப்படியல்ல என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். உணர்ச்சி போன பாதத்தில் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்துவதால்தான் புண் வருகிறது. வலி தெரிந்தவர் தன்னையறியாமல் காலை மாற்றி ஊன்றுவார்; வலி தெரியாதவர் அதே இடத்திலேயே மிதித்துக் கொண்டிருப்பார். அதற்கு மருந்தாக வந்தவற்றில் ஒன்று எம்சிஆர் செருப்பு. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்ரப்பர் அது. இன்று நீரிழிவு நோயாளிகளும் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

கடைக்கு வருவோம். மாற்று இன்சோல் என்று கேட்டால் மூன்று வகை வைப்பார்கள். முதலாவது ஈவிஏ. எடை குறைவு, விலையும் குறைவு. மூடிய காற்றறைகள் கொண்ட நுரை இது. தொடர்ந்து மிதிபடும்போது அறைச் சுவர்கள் மடங்கி, உள்ளிருக்கும் வாயு மெல்ல வெளியேறி, ஒரு நாள் சப்பையாகிவிடும். பியூ என்கிற பாலியூரித்தேன் நுரை சற்றுக் கனம், ஆனால் அமுங்கியபின் எழும்பி வருவதில் கெட்டிக்காரன். மூன்றாவது ஜெல். கடையில் விரலால் அமுக்கிப் பார்த்ததும் மயங்கி வாங்குவது இதைத்தான். ஜெல்லின் கனஅளவு அமுக்கினால் குறையாது. பக்கவாட்டில் பிதுங்க இடம் வேண்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் அந்த இடம் ஏது? என்னைக் கேட்டால், குதிகால் உட்காரக் கிண்ணம்போல் குழிவும், நடுவில் கொஞ்சம் விறைப்பான மேடும் உள்ள பியூ இன்சோல் கொடுத்த காசுக்கு மோசமில்லை.

ஆனால் என் சிபாரிசைவிட உங்கள் பாதத்தின் தீர்ப்பு பெரிது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பென்னோ நிக் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 206 ராணுவத்தினரில் ஒரு பிரிவினருக்கு, வடிவிலும் பொருளிலும் வேறுபட்ட ஆறு வகை இன்சோல்களைக் கொடுத்து, “எது சுகமாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று விட்டுவிட்டார்கள். எல்லோரும் ஒன்றையே எடுக்கவில்லை. அவரவருக்குப் பிடித்ததைப் போட்டவர்களுக்கு, எதுவும் போடாதவர்களைவிடக் கால் காயங்களும் வலியும் குறைந்தன. ஆக, நாலு வகையைப் போட்டு நடந்து பார்க்காமல் கடையை விட்டு வரக் கூடாது. சாயங்காலம் போங்கள், அப்போதுதான் பாதம் வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள்.

பெட்டியில் அச்சடித்திருப்பதை எல்லாம் நம்ப வேண்டாம். இன்சோல் முதுகுவலி வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2007இல் சொல்லிவிட்டது. குதிகால் வலிக்கு அளவெடுத்துச் செய்த விலையுயர்ந்த இன்சோலையும் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதையும் ஒப்பிட்டு 2006இல் ஆஸ்திரேலியாவில் ஆய்வு நடந்தது. இரண்டுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

போடும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழையதை எடுக்காமல் அதன்மேலேயே புதியதை வைத்தால் குதிகால் உயர்ந்து, நடக்கும்போது வழுக்கும். விரல்கள் மேலே இடிக்கும். பழையது ஒட்டியிருந்தால் முடி உலர்த்தும் டிரையரின் சூட்டில் பசை இளகும். உருவிய பழையதைப் புதியதன்மேல் வைத்துக் கோடு போட்டு, விரல் பக்கத்தில் மட்டும், கோட்டுக்கு வெளியே நூலளவு விட்டு வெட்டிப் போட்டுப் பார்த்து, மறுபடி வெட்ட வேண்டும். ராத்திரி இன்சோலை உருவி வெளியே வையுங்கள், வியர்வை ஈரம் காயட்டும். பாதத்தின் தோல் ஈரமாக இருந்தால் அதிகமாக உராயும், அங்கேதான் கொப்புளம் எழும்பும்.

இரும்புக் கவசம் உள்ள பூட்ஸில் இன்னொரு எச்சரிக்கை. பாரம் விழும்போது கவசம் கொஞ்சம் கீழே அமுங்கும். அதற்கென்று விரலுக்கு மேலே விட்டிருக்கும் இடைவெளியைத் தடித்த இன்சோல் தின்றுவிடும். நிலைமின்சாரம் தேங்காத பூட்ஸ் கட்டாயமான இடங்களில் வேலை பார்ப்பவர்கள், தயாரிப்பாளர் சொன்ன இன்சோலைத் தவிர வேறெதையும் போடக் கூடாது. சாதாரண நுரை மின்சாரத்தை இறங்கவிடாது. பூட்ஸ் அளவே சின்னதாக இருந்தால் இந்த வித்தை எதுவும் உதவாது. திருப்பிக் கொடுத்து அடுத்த சைஸ் வாங்குவதுதான் வழி.

சுகமாக இருப்பதை எடுங்கள் என்ற யோசனை, பாதத்தில் உணர்ச்சி உள்ளவர்களுக்கு மட்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் கடையில் போட்டுப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது; எது அழுத்துகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நீரிழிவுப் பாதப் பிரிவு உள்ள மருத்துவமனையில் காட்டி, அங்கே சொல்லும் காலணியைப் போடுங்கள். தினமும் ராத்திரி உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்.